ஃபைபர் படகின் உள்ளே எக்கோ சவுண்டர் டிரான்ஸ்டியூசர் பொருத்துவது எப்படி?

எக்கோ சவுண்டர் என்பது ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்துக் கடலின் ஆழத்தைத் திரையில் காட்டும் கருவி. அந்த ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்தான் டிரான்ஸ்டியூசர். கடற்கரை மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகில் இதை வெளிப்பக்கம் மாட்டினால் அதிக நாள் தாங்காது. பின்பலகையில் மாட்டினால் கரையேற்றும்போது மணலில் உரசி உடையும், வலையும் தூண்டில் கயிறும் சிக்கும். அடியில் துளை போட்டு மாட்டும் வகையோ நேரடியாக மணலில் தேயும், துளை வழியே நீர் கசியும் பயமும் உண்டு. இப்படிப்பட்ட படகுக்கு, துளை போடாமல் உள்பக்கமாகவே வைத்து, ஃபைபரின் ஊடாக ஒலியைக் கீழே அனுப்பும் முறைதான் ஏற்றது.

இந்த முறை தோற்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, படகின் அடி இதற்குப் பொருந்தாத வகை. இரண்டு, டிரான்ஸ்டியூசருக்கும் அடிக்கும் நடுவே காற்று. ஒலி காற்றைத் தொட்டதும் ஏறக்குறைய முழுவதும் திருப்பி அடிக்கப்படும். காகிதத் தடிமனில் காற்றுப் படலம் இருந்தாலே போதும், திரையில் தரை தெரியாது. கீழே சொல்லியிருக்கும் படிகளில் பெரும்பாலானவை இந்தக் காற்றை வெளியேற்றத்தான்.

1. உங்கள் படகு ஏற்றதா என்று பாருங்கள்

அடி முழுவதும் கெட்டி ஃபைபராக, மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் (பிசின்) மட்டும் அடுக்கி வார்த்ததாக இருக்க வேண்டும். நடுவில் ஃபோம், பால்சா மரம், பிளைவுட் என எது இருந்தாலும் ஒலி அதைத் தாண்டாது. மரப் படகில் இந்த முறை வேலை செய்யாது. மரத்தின்மேல் ஃபைபர் பூசிய படகுக்கும் அதே கதிதான்.

நம் கரையோரப் படகுகளில் ஏமாற்றுவது உள்தளம். பல படகுகளில் காலை வைத்து நிற்கும் தளம் வேறு, உண்மையான அடி வேறு. இரண்டுக்கும் நடுவே, படகு மூழ்காமல் மிதக்க வேண்டும் என்பதற்காகத் தெர்மாகோல் அல்லது ஃபோம் நிரப்பியிருப்பார்கள். அந்தத் தளத்தின்மேல் டிரான்ஸ்டியூசரை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பயன் இல்லை. கடலைத் தொடும் அடித்தோலின் உள்பக்கம் கைக்கு எட்ட வேண்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே ஃபோம் இருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். இது முதல் சோதனை மட்டும்தான். படகு வார்த்த பட்டறையிடம் அடியின் தடிமன் என்ன, நடுவில் ஏதாவது வைத்தார்களா என்று கேட்பது இதைவிட உறுதி. பின்பலகையில் உள்ள நீர் வடியும் துளையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் தாங்குவதற்காகப் பின்பலகைக்குள் பிளைவுட் வைப்பது வழக்கம், அடியில் அப்படி இருக்க வேண்டியதில்லை.

அடி நடுவில் ஃபோம் வைத்துச் செய்ததாக இருந்தால், அந்த இடத்தில் மட்டும் உள்தோலையும் ஃபோமையும் வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பை ஃபைபரால் மூடிப் பொருத்தலாம். ஆனால் அது படகின் பலத்தில் கை வைக்கும் வேலை. பட்டறைக்காரர் செய்யட்டும்.

2. எந்த டிரான்ஸ்டியூசர்?

அடி தடிமனாக ஆக ஒலி குறையும். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என இரண்டு தடவை அந்த இழப்பு. அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். அதனால் உள்பக்கம் பொருத்த 50, 83, 200 கிலோஹெர்ட்ஸ் வகைகளே சரி. 455, 800 கிலோஹெர்ட்ஸில் பக்கவாட்டுப் படமும் அடிப்படமும் காட்டும் டிரான்ஸ்டியூசர்களை உள்ளே வைத்துப் பயன்படுத்த முடியாது. கடைக்காரர் "எல்லாம் வேலை செய்யும்" என்று சொன்னாலும் அந்த வகையை இதற்காக வாங்காதீர்கள்.

ஆழத்தை வைத்து அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஏர்மார் நிறுவனத்தின் பி79 போன்ற இரட்டை அதிர்வெண் டிரான்ஸ்டியூசரில் 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை சுமார் 12 பாகை, 50 கிலோஹெர்ட்ஸ் கற்றை சுமார் 45 பாகை. 30 மீட்டர் ஆழத்தில் முதலாவது தரையில் ஏறக்குறைய 6 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும், இரண்டாவது 25 மீட்டர் வட்டத்தை. பாரின் (கடலடிப் பாறைத்திட்டு) விளிம்பைத் துல்லியமாகப் பிடிக்க 200 நல்லது. ஆழம் கூடும்போது 50 கைகொடுக்கும்.

இரண்டை இழப்பீர்கள் என்று தெரிந்துகொண்டே வாங்குங்கள். உள்ளே வைத்தால் கடல்நீரின் வெப்பநிலை காட்டாது, படகின் உள்சூட்டைத்தான் காட்டும். சக்கரம் வைத்து வேகம் காட்டும் வசதியும் இருக்காது.

3. காகிதங்கள்

பில்லில் கருவியின் மாடலும் டிரான்ஸ்டியூசரின் மாடலும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்கினால், ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதைக் கருவியின் கையேட்டில் உள்ள பட்டியலில் பாருங்கள். இணைப்பு முனை பொருந்தினால் மட்டும் போதாது, அதிர்வெண்ணும் வாட் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

கேபிளின் முனைக்கு அருகே ஒரு லேபிள் இருக்கும். அதில் மாடல் எண், வரிசை எண் இருக்கும். கேபிளைக் குழாய்க்குள் நுழைப்பதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்துவையுங்கள். வாரண்டி கேட்டுப் போகும் அன்று லேபிள் உப்பில் அழிந்திருக்கலாம், அல்லது தளத்துக்குக் கீழே மறைந்திருக்கலாம்.

மானியத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். திட்டமும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாங்கிய பிறகு பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் ஏற்கப்படும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

4. செலவும் நாளும்

கருவியும் பேட்டரியும் தவிர மற்ற சாமான்கள் சேர்த்து உத்தேசமாக 1,500 ரூபாய்க்குள் அடங்கும்: மெதுவாக இறுகும், இரண்டு பாகமாக வரும் எபாக்சி பசை கால் கிலோ, ஃபைபர் மேட் ஒரு துண்டு, 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒரு அடி, அதற்கு ஒரு மூடி, 80 நம்பர் உப்புத்தாள் நான்கு, 150 நம்பர் ஒன்று, அசிட்டோன் அரை லிட்டர், விளக்கெண்ணெய் அல்லது லிக்விட் பாரஃபின் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, நைட்ரைல் கையுறை, முகக்கவசம், 3 ஆம்பியர் ஃபியூஸும் அதன் கூடும், ஒயர் குழாய்.

வேலை கணக்குப் பார்த்தால் ஐந்து ஆறு மணி நேரம்தான். ஆனால் காயவும் இறுகவும் நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் படகு நான்கு நாளாவது கரையில் நிற்க வேண்டும். கடல் சோதனைக்கு ஒரு அரை நாளைத் தனியாக ஒதுக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஃபைபர் ஈரமாக இருக்கும், எபாக்சியும் ஒழுங்காக இறுகாது. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதும் வேண்டாம், கலந்த எபாக்சி கோப்பையிலேயே சூடேறிக் கெட்டியாகிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் ஒட்டினால் இரவு முழுவதும் நிதானமாக இறுகும். பட்டறை ஆள் தேவைப்பட்டால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்த்து ஆளைப் பேசிவையுங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குப் பழுது பார்க்கும் காலமும் அதுதான்.

5. இடம் பார்ப்பது

படகின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள், நடுக்கோட்டுக்கு அருகில் இடம் தேடுங்கள். அணியம் (படகின் முன்முனை) அலையில் தூக்கிக்கொண்டு அடியில் காற்றை வாங்கும், அதனால் முன்பக்கம் ஆகாது. பின்பலகையை ஒட்டியும் வேண்டாம். வெளி எஞ்சின் உள்ள படகில் பின்பலகையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் முன்னால் இருந்தால் நல்லது. உள் எஞ்சின் உள்ள படகில் புரொப்பெல்லருக்கும் ஷாஃப்டுக்கும் நன்றாக முன்னால் வைக்க வேண்டும்.

நடுக்கோட்டின்மேலேயே வைக்கக் கூடாது. அங்கே ஏரா (அடியின் நடுத்தண்டு) ஓடும், ஃபைபர் மிகத் தடிமனாக இருக்கும், உள்ளே மரமும் இருக்கலாம். ஏராவிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எந்தப் பக்கம் என்றால், பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுற்றினால் வலப்பக்கம் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கத்தில் இதழ் கீழ்நோக்கி இறங்கும், குமிழி குறைவு.

பிறகு படகைச் சாய்த்தோ, கரையில் கட்டையில் ஏற்றியோ வெளிப்பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் குறித்த இடத்துக்கு நேர் கீழேயும் அதற்கு முன்னாலும் பட்டி, திருகு, துளை, மேடு எதுவும் இருக்கக் கூடாது. ஓடும்போது அவை குமிழியைக் கிளப்பும். ஒட்டுப் போட்ட இடம் என்றால் கண்டிப்பாக வேறு இடம் பாருங்கள். மணலில் தேய்ந்த அடிக்கு மேலே மேலே மேட் ஒட்டும்போது அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கியிருக்கும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும், ஒலி மட்டும் உள்ளேயே நின்றுவிடும்.

சாய்வையும் அளக்க வேண்டும். படகைக் குறுக்குவாட்டில் மட்டமாக நிறுத்தி, செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, போனைக் குறித்த இடத்தில் குறுக்காக வையுங்கள். காட்டும் பாகைதான் அடியின் சாய்வு. 10 பாகைக்குள் என்றால் நேராகவே ஒட்டலாம். அதற்கு மேல் போனால் சாய்வைச் சரிசெய்யும் அடித்தளம் கொண்ட டிரான்ஸ்டியூசர் வேண்டும், அல்லது பிவிசி வளைய முறையில் (9-ஆம் படி) செங்குத்தாக நிறுத்த வேண்டும். பி79 வகையின் அடித்தளம் 22 பாகை வரை சரிசெய்யும்.

6. ஒட்டுவதற்கு முன் கடலில் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒருமுறை எபாக்சியில் ஒட்டிய டிரான்ஸ்டியூசரை உடைக்காமல் எடுக்க முடியாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். சோதனைக்கு ஆகும் செலவு எஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருள் மட்டும்தான்.

முதலில் ஐந்து ஆறு பாகம் (சுமார் பத்து மீட்டர்) ஆழத்தில் நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்துவிடுங்கள். கருவியின் சென்சிடிவிட்டியை (எதிரொலியைப் பிடிக்கும் உணர்திறன்) தானியங்கியிலிருந்து எடுத்துக் கையால் ஓர் அளவில் நிறுத்துங்கள். ரேஞ்சை (திரை காட்டும் ஆழ எல்லை) ஆழத்தைப்போல் இரண்டரை மடங்கு வையுங்கள். டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு வெளியே ஒரு முழம் நீரில் தொங்கவிடுங்கள். திரையில் தரைக்கோடு தெரியும். அதன் கீழே இரண்டு மடங்கு ஆழத்தில் மங்கலாக இன்னொரு தரைக்கோடு தெரியும். ஒலி தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு முறை போய் வருவதால் வருவது அது. அந்த இரண்டாம் கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதுதான் அளவுகோல்.

இப்போது மெல்லிய பாலித்தீன் பையில் நீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை உள்ளே விட்டு, காற்று முழுவதையும் பிழிந்து கட்டுங்கள். படகுக்குள் குறித்த இடத்தில் ஒரு குவளை நீரை ஊற்றி, அதன்மேல் பையை அழுத்தி வையுங்கள். சென்சிடிவிட்டியைத் தொடாதீர்கள். ஆழம் அதே அளவு காட்டி, இரண்டாம் கோடும் இன்னும் தெரிந்தால் இடம் நல்ல இடம். முதல் கோடு மட்டும் தெரிந்தால் ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். சில அங்குல வித்தியாசத்தில் நல்ல இடமும் கெட்ட இடமும் மாறும். எங்கு வைத்தாலும் முதல் கோடே தெரியவில்லை என்றால் அடியில் ஃபோமோ மரமோ இருக்கிறது.

அதன்பின் நீங்கள் வழக்கமாகத் தொழில் செய்யும் மிக ஆழமான இடத்துக்குப் போய் மறுபடி பாருங்கள். கரைக்கு அருகில் நன்றாகத் தெரிந்தது அங்கே காணாமல் போகலாம். கடைசியாக, ஓர் ஆள் பையை அழுத்திப் பிடித்திருக்க, படகை வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் தெரிந்து ஓடினால் மறைகிறது என்றால் அந்த இடத்துக்குக் கீழே குமிழி ஓடுகிறது, இடத்தை மாற்ற வேண்டும்.

நல்ல இடம் கிடைத்ததும் அழியாத பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள்.

7. அடியைத் தயார் செய்வது

படகின் உள்ளடி ஃபைபரில் மீன் எண்ணெயும் டீசலும் ஊறியிருக்கும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அதன்பின் காயவைத்து அசிட்டோனில் துடையுங்கள், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். வரிசையை மாற்றினால், தேய்க்கத் தேய்க்க எண்ணெய் ஃபைபருக்குள் இன்னும் இறங்கும், ஒட்டு பிடிக்காது.

உள்பக்கம் மேட்டின் முடிச்சுகளால் கரடுமுரடாக இருக்கும். வட்டத்தைவிட இரண்டு விரல் அகலமாக, பூச்சு எல்லாம் போய் வெறும் ஃபைபர் தெரியும் வரை 80 நம்பர் தாளால் தேயுங்கள். ஸ்டீல் ஸ்கேலை விளிம்பாக நிறுத்திப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. சிறு குழிகள் இருந்தால் எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் மறுபடி தேயுங்கள். முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கையில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

தூசியைத் துடைத்து, இன்னொரு முறை அசிட்டோன் பூசி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். அந்த அசிட்டோன் துணி டிரான்ஸ்டியூசர்மேல் படக் கூடாது, பிளாஸ்டிக் உடம்பு வெடிப்பு விடும். டிரான்ஸ்டியூசரைச் சோப்பு நீரில் கழுவினால் போதும்.

8. நேரடியாக ஒட்டும் முறை

டிரான்ஸ்டியூசரின் அடிமுகத்தை 150 நம்பர் தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். எபாக்சியைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் மெதுவாக, நுரைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். வேகமாக அடித்துக் கலக்கினால் நீங்களே காற்றைச் சேர்க்கிறீர்கள். கலந்ததை அகலமான தட்டில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் குமிழிகள் மேலே வந்து உடையும்.

அடியில் வட்டத்தின் நடுவே குவியலாக ஊற்றுங்கள். டிரான்ஸ்டியூசரின் முகத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள். ஒரு பக்க விளிம்பை முதலில் வைத்து, மெதுவாகச் சாய்த்து இறக்கி, இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே அழுத்துங்கள். சுற்றிலும் எபாக்சி பிதுங்கி வர வேண்டும். வந்தால்தான் உள்ளே இருந்த காற்று வெளியே போயிற்று என்று அர்த்தம். பிறகு தூக்கிப் பார்க்காதீர்கள், தூக்கினால் காற்று உள்ளே போகும். மேலே இரண்டு கிலோ எடை வைத்து 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

எதைக்கொண்டு ஒட்டக் கூடாது என்பது இங்கே முக்கியம். சிலிக்கான் மென்மையானது, ஒலியை விழுங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி, குமிழி வெளியேறுவதற்குள் கெட்டியாகும். எம்-சீல் போன்ற பிசையும் வகையில் காற்று இருந்தே தீரும். பட்டறையில் எப்போதும் கையில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசினும் வேண்டாம். அதில் உள்ள ஸ்டைரீன் பல வகைப் பிளாஸ்டிக்கை அரிக்கும், இறுகும்போது சுருங்கவும் செய்யும், பழைய ஃபைபர்மேல் எபாக்சி அளவுக்குப் பிடிப்பும் இல்லை. "படகே இந்த ரெசினில்தான் செய்தது" என்று பட்டறையில் சொல்வார்கள். படகு வார்ப்பது வேறு, இது வேறு.

9. பிவிசி வளைய முறை

அடியில் பிவிசி குழாய்த் துண்டை வளையமாக ஒட்டி, அதில் எண்ணெய் நிரப்பி டிரான்ஸ்டியூசரை நிறுத்தும் முறை இது. கரையேற்றும் படகுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். ஒவ்வொரு நாளும் மணலில் மோதும் அடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நேரடியாக ஒட்டியது அந்த வளைவில் ஒரு நாள் மயிரிழை அளவு பெயரும், அந்த இடைவெளியில் காற்று நுழையும். வளையத்துக்குள் எண்ணெயில் நிற்கும் டிரான்ஸ்டியூசருக்கு அந்தச் சிக்கல் இல்லை. படகு மாற்றினால் கழற்றியும் எடுத்துக்கொள்ளலாம். பின்பலகையில் மாட்டும் சாதாரண டிரான்ஸ்டியூசரையும் இதில் வைக்கலாம்.

110 மில்லிமீட்டர் குழாயில் 10 சென்டிமீட்டர் நீளம் வெட்டுங்கள். அடியின் சாய்வுக்கு ஏற்ப ஒரு முனையைச் சரித்து வெட்டி, நிறுத்தினால் வளையம் செங்குத்தாக நிற்கும்படி தேய்த்துச் சரிசெய்யுங்கள். குழாயின் வெளிப்பக்கக் கீழ் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாளில் நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும், வழவழப்பான பிவிசியில் எபாக்சி பிடிக்காது. எபாக்சி வைத்து நிறுத்தி, சுற்றிலும் இரண்டு விரல் அகல மேட் துண்டுகளை எபாக்சியில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். வளையத்துக்கு உள்ளே, ஒலி போகும் வழியில், எபாக்சி வழிந்து மேடாகாமல் துடைத்துவிடுங்கள்.

மறுநாள் வளையத்தில் நீர் ஊற்றி, மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து, ஒரு இரவு விடுங்கள். காலையில் கோடு இறங்கியிருந்தால் கசிவு. கசியவில்லை என்றால் நீரை எடுத்துத் துணியால் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள்.

நிரப்புவதற்கு நீர் ஆகாது, வெயிலில் வற்றிவிடும். விளக்கெண்ணெய் நல்லது, அதில் ஒலி ஏறக்குறைய கடல்நீரில் போவதுபோலவே போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் சரி, புரொப்பிலீன் கிளைக்காலும் சரி. ரேடியேட்டர் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம், மீன் வைக்கும் படகில் வேண்டாம். டீசலும் மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

வளையத்தின் சுவரோரமாக மெதுவாக ஊற்றி, பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை நிரப்புங்கள். அரை லிட்டர் அளவு பிடிக்கும். டிரான்ஸ்டியூசரின் முகத்தை எண்ணெயில் சாய்வாக இறக்கி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, முகத்தில் ஒட்டிய குமிழிகளை விரலால் வழித்துவிடுங்கள். அடிக்கும் முகத்துக்கும் நடுவே ஒன்று இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். விளக்கெண்ணெய் கெட்டியானது, குமிழி மேலே வர ஓர் இரவு எடுக்கும். உடனே கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று கழற்றாதீர்கள். எண்ணெய் வெயிலில் விரியும், அதற்காக மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். மூடியில் கேபிள் போகும் துளையைச் சுற்றிச் சிலிக்கான் பூசலாம். அது ஒலி போகும் வழி இல்லை, அங்கே பூசுவதில் தவறில்லை.

டிரான்ஸ்டியூசர் படகு நிற்கும் நிலையில் நேர் கீழே பார்க்க வேண்டும். கரையில் அல்ல, வலையும் ஆளும் ஏறிய நிலையில், தொழில் செய்யும் இடத்தில் மிதக்கும்போது. பின்பாரத்தில் படகு இரண்டு மூன்று பாகை அமரம் (பின்முனை) தாழ்ந்து நிற்பது சகஜம், அதையும் கணக்கில் எடுத்து நிறுத்துங்கள்.

10. கேபிளும் மின்சாரமும்

கேபிள் நீளமாக இருக்கிறது என்று வெட்டாதீர்கள். வாரண்டி போய்விடும், இணைத்த இடத்தில் உப்பும் ஏறும். மீதியைச் சுருட்டிக் கட்டி, எஞ்சின் ஒயரிலிருந்தும் விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனா ஒயரிலிருந்தும் முடிந்தவரை தள்ளி வையுங்கள். குழாய்க்குள் கொண்டுபோங்கள். நங்கூரக் கயிறும் கால் மிதியும் கேபிளைச் சீக்கிரம் அறுக்கும்.

சிறிய வெளி எஞ்சின் உள்ள படகில் கருவிக்குத் தனியாக 12 வோல்ட் பேட்டரி வைப்பது நல்லது. கருவி 1 ஆம்பியர் இழுத்தால் பத்து மணி நேரத்துக்கு 10 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடித்தால் ஆயுள் குறையும். அதனால் குறைந்தது 20, வசதி இருந்தால் 26 ஆம்பியர்-மணி பேட்டரி. யூபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி விடியும் முன்பே கைவிடும். ஃபியூஸைப் பேட்டரியின் நேர் முனைக்கு அருகிலேயே போடுங்கள். இணைப்புகளைப் பற்றவைத்து, பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டு, முனைகளில் வாசலின் பூசுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும்.

11. செட்டிங்

நீர் வகையைக் கடல்நீர் என்று மாற்றுங்கள். அலகைப் பாகத்தில் பார்த்துப் பழகியவர்கள் ஃபேதம் தேர்ந்தெடுங்கள், 1 ஃபேதம் 1.83 மீட்டர். நீர்மட்டத்திலிருந்து டிரான்ஸ்டியூசர் முகம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, அந்த அளவை ஆஃப்செட்டில் (ஆழத் திருத்தம்) கூட்டுங்கள். பிறகு கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சேற்றுத் தரையைவிடக் கெட்டி மணல் தரையில் பார்த்தால் ஒப்பீடு சரியாக இருக்கும்.

12. கோளாறு வந்தால்

ஆழமான இடத்தில் திடீரென்று 0.6, 0.8 மீட்டர் என்று காட்டினால், கருவி தரையைத் தவறவிட்டு அடியின் அதிர்வையே தரை என்று எடுத்துக்கொள்கிறது. வளையத்தில் எண்ணெய் குறைந்திருக்கிறதா, முகத்தில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரடியாக ஒட்டியது என்றால் ஓரத்தில் பெயர்ந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் திரையில் புள்ளியும் கோடும் நிறைந்தால் அது மின் இரைச்சல். நங்கூரத்தில் நின்று, எஞ்சினைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகையா என்று சோதியுங்கள். என்ஜிகே பிளக்கில் பெயரில் ஆர் எழுத்து இருந்தால் ரெசிஸ்டர் வகை. எஞ்சின் கையேடு அனுமதிக்கும் எண்ணையே போடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் இரைச்சல் இருந்தால் சார்ஜரையும் எல்இடி விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

நன்றாக இருந்தது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கினால் படகின் வெளிப்பக்கம் பாருங்கள். டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) பிடித்திருக்கும், அல்லது தேய்மானத்துக்காக யாரோ அங்கே புது மேட் ஒட்டியிருப்பார்கள். கொட்டலசைச் சுரண்டினால் தீரும். அடுத்த முறை அடிக்கு ஒட்டுப் போடும்போது அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லி, வெளிப்பக்கத்திலும் பெயின்டால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.